ஹட்யாய்க்குச் சொந்தக் காரா, ரயிலா, வாடகைக் காரா? பீடோங் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கினாலே கெடாவின் பீடோங் கடைத்தெருவில் தாய்லாந்து நகரமான ஹட்யாய்ப் பேச்சு தொடங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஏறினால் குருன், அலோர் ஸ்டார், ஜித்ரா, சங்லூன், அதன்பின் எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாம். எல்லையைத் தாண்டினால் ஹட்யாய் இன்னும் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஹார்வார்ட் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூரை விட ஹட்யாய் கிட்டத்தில் இருக்கிறது. அதனால் பெட்ரோல் எவ்வளவு, டோல் எவ்வளவு, ஹோட்டல் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஐந்து பேர் போவதற்குச் சொந்தக் கார்தான் மலிவு என்ற முடிவுக்குப் பெரும்பாலானோர் வந்துவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டிய இடம் அது இல்லை என்பது என் உறுதியான கருத்து. எல்லைக்கு அப்பால் உங்கள் கார் ஒரு வெளிநாட்டுப் பொருள். அந்த நாட்டுச் சுங்கத்துறை அதை வரி கட்டாமல் உள்ளே வந்த சரக்காகப் பார்க்கிறது. நீங்கள் ஆண்டுதோறும் பணம் கட்டும் காப்புறுதி நிறுவனமோ, பல நேரங்களில், தன் பொறுப்புக்கு வெளியே போய்விட்ட வாகனமாகப் பார்க்கிறது. ஆகவே காரை எடுத்துப் போவதா வேண்டாமா என்பதை இரண்டு காகிதங்கள் தீர்மானிக்க வேண்டும்: காரின் கெரான் (பதிவுச் சான்றிதழ்), காப்புறுதிப் பாலிசி. இரண்டையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வரி கட்டாமல் உள்ளே விடுவதன் பொருள்

முழுமையாகத் தயாரிக்கப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் காருக்குத் தாய்லாந்தின் பொது இறக்குமதி வரி விகிதம் 80 விழுக்காடு. அதன் மேல் கலால் வரியும் 7 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. தாய்லாந்துப் பக்கத்துச் சடாவ் சோதனைச் சாவடியில் நீங்கள் ஒரு பைசா வரி கட்டாமல் உங்கள் பெஸ்ஸா காரை உள்ளே ஓட்டிப் போக முடிகிறது என்றால், இதைத் திரும்பவும் வெளியே கொண்டுபோய்விடுகிறேன் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திடுவதுதான் அதற்குக் காரணம். சுங்கத்துறை முகப்பில் தரப்படும் தற்காலிக இறக்குமதிப் படிவம் உண்மையில் ஓர் ஒப்பந்தம். அதில் காரின் எண், இயந்திர எண், ஓட்டுநரின் பெயர், திரும்ப வேண்டிய கடைசி நாள் எல்லாம் இருக்கும். அந்த நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 1,000 பாட் என்று அபராதம் ஏறும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று: கடப்பிதழில் குத்தப்படும் முத்திரை உங்களுக்கானது, சுங்கப் படிவம் காருக்கானது. இரண்டிலும் உள்ள நாட்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் தங்குவதற்கு இன்னும் நாள் இருக்கலாம், காருக்கு முடிந்துபோயிருக்கலாம். அதேபோல், அவசரமாக ஊர் திரும்ப வேண்டியதாகி, காரை ஹட்யாயில் மைத்துனரிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ரயிலேறி வந்துவிட முடியாது. படிவத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள். கார் வெளியேறும் வரை அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது. விபத்தில் கார் நொறுங்கினாலும், திருடு போனாலும், சுங்கத்துறையிடம் போய்ச் சொல்லிக் கணக்கை முடித்தாக வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், மலேசியர்களான நமக்கு இந்தக் கதவு மற்றவர்களை விட அகலமாகவே திறந்திருக்கிறது. வெளிநாட்டுப் பதிவு வாகனத்தில் வரும் சுற்றுலாப் பயணிகள் முன்கூட்டியே அனுமதி பெற்று, உள்ளூர் நிறுவனத்தின் வழிகாட்டியோடுதான் வர வேண்டும் என்று 2016-இல் தாய்லாந்து விதி கொண்டுவந்தபோது மலேசியக் கார்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்தச் சலுகையை நாம் காகிதங்களை ஒழுங்காக வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

கெரானில் யார் பெயர்?

தோட்டப்புறங்களில் கார் வாங்கும் விதம் தனி. அப்பாவுக்கு சம்பளச் சீட்டு சரியாக இல்லை என்று மகன் பெயரில் கடன் எடுப்பார்கள். மகன் பினாங்கில் தொழிற்சாலை வேலையில் இருப்பான், கார் வீட்டில் நிற்கும், ஓட்டுவது தம்பி. அல்லது கார் அக்காள் பெயரில், மாதத் தவணை கட்டுவது மாமா. ஊருக்குள் இதனால் எந்தச் சிக்கலும் இல்லை. எல்லையில் உண்டு.

கெரானை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயருக்குக் கீழே "ஹக் மிலிக் டிதுந்துட் ஒலே" என்று மலாயில் ஒரு வரி இருந்து, அதையடுத்து ஒரு வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீரும் வரை அந்தக் காரின் மீது வங்கிக்கு உரிமை இருக்கிறது என்று பொருள். வாடகைக் கொள்முதல் கடன் ஒன்பது ஆண்டு வரை போகிறது. ஆகவே நம் தெருவில் நிற்கும் கார்களில் பாதிக்கு மேல் வங்கியுடையவை என்று வைத்துக்கொள்ளலாம். அத்தகைய காரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். கிளைக்குப் போய்க் கேட்டால் தருவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை கேட்டுச் சனிக்கிழமை காலை கிடைக்கும் கடிதம் அல்ல அது. விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள்.

பெயர் உங்களுடையதாக இல்லாவிட்டால், உரிமையாளரிடமிருந்து இன்னொரு கடிதம்: இன்னார், இந்த அடையாள எண், இந்தக் கார், இந்த நாள் முதல் இந்த நாள் வரை தாய்லாந்துக்கு ஓட்டிச் செல்ல அனுமதிக்கிறேன் என்று. அதோடு உரிமையாளரின் மைகார்டு நகல். உறுதிமொழி ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டிருந்தால் நல்லது. உரிமையாளரே காரில் வந்தால் இந்தத் தலைவலியே இல்லை. அப்பா காலமாகி, கார் இன்னும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. அந்தக் காரை எல்லைக்குக் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அனுமதி தர ஆள் இல்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் பேசவும் ஆள் இல்லை.

சங்லூன் கடையில் வாங்கும் காகிதம் எதற்கு?

இதுதான் கட்டுரையின் மையம். இங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடைக்காரர்கள் ஏமாற்றுவதில்லை. நாமே ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்கிறோம்.

சங்லூனிலும் எல்லைக்கு முன்னாலும் சாலையோரம் வரிசையாகக் கடைகள். கெரானைக் கொடுத்தால் நகலெடுத்து, படிவம் நிரப்பி, தாய் எழுத்தில் அச்சான ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். "தாய் இன்சூரன்ஸ் எடுத்தாச்சு" என்று நாமும் நிம்மதியாகக் காரில் ஏறுவோம். அந்தத் தாளின் பெயர் "போ ரோ போ". மோட்டார் வாகனத்தால் பாதிக்கப்படுவோரைப் பாதுகாக்கும் 1992-ஆம் ஆண்டுத் தாய்லாந்துச் சட்டத்தின் சுருக்கப்பெயர் அது. தாய்லாந்துச் சாலையில் ஓடும் எந்த வாகனத்துக்கும், வெளிநாட்டுக் கார் உட்பட, இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் 10,000 பாட் வரை அபராதம்.

இந்தத் தாள் எதைக் காக்கிறது? மனித உடலை மட்டும். விபத்தில் காயமடைந்தவருக்கு 80,000 பாட் வரை மருத்துவச் செலவு. இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 500,000 பாட் வரை. தவறு யாருடையது என்று முடிவாவதற்கு முன்பே, முதற்கட்டமாக 30,000 பாட் வரை மருத்துவத்துக்குக் கிடைக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் எதிரே வந்த காரின் பம்பர், கடையின் கண்ணாடிக் கதவு, உங்கள் காரின் முன்பக்கம் இவற்றில் எதற்கும் அதில் ஒரு பாட் கூடக் கிடையாது.

எங்கள் பக்கத்துத் தாமானில் இருக்கும் ஓர் அண்ணன், கிம் யோங் சந்தைக்கு அருகே காரைப் பின்னால் எடுக்கும்போது ஒரு பிக்கப் வண்டியின் கதவை நசுக்கிவிட்டார். அந்தப் பிக்கப்காரர் கத்தவில்லை, சண்டை போடவில்லை. தன் காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து இறங்கினார். அண்ணன் பெருமையோடு போ ரோ போ தாளை நீட்டினார். வந்தவர் அதை ஒரு பார்வை பார்த்து, மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைத்தொலைபேசியில் எதையோ தட்டி மொழிபெயர்ப்பைக் காட்டினார்: "இது ஆளுக்கு. கதவுக்கு இல்லை." ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருந்த பணம் அங்கேயே கைமாறியது. அண்ணன் மறுநாளே ஊர் திரும்பினார். மலேசியாவில் அவருக்கு முழுமைக் காப்புறுதி இருந்தது. அது அங்கே செல்லுபடியாகவில்லை.

ஏன் செல்லுபடியாகவில்லை? நம் மோட்டார் பாலிசிகளில் "புவியியல் எல்லை" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் எழுதியிருப்பது மலேசியா, சிங்கப்பூர், புருணை. தாய்லாந்து இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமென்றால் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டித் தாய்லாந்து நீட்டிப்பு வாங்க வேண்டும். பாலிசியைப் புதுப்பிக்கும்போதே சேர்க்கலாம். இடையில் முகவரிடம் சொல்லியும் சேர்க்கலாம். ஆனால் கிளம்புவதற்கு முன்பே அதற்கான ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம் மாமா, ஒன்றும் ஆகாது" என்று முகவர் வாயால் சொல்வது ஒப்புதல் ஆகாது.

நீட்டிப்பு வாங்கிவிட்டாலும் அதன் வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். என் காருக்கு ஏற்படும் சேதத்தை ஏற்கிறீர்களா? மற்றவரின் சொத்துச் சேதத்தை ஏற்கிறீர்களா? திருட்டை ஏற்கிறீர்களா? வெள்ளத்தை ஏற்கிறீர்களா? கார் நின்றுபோனால் இழுத்து வரும் சேவை எல்லைக்கு அப்பாலும் உண்டா? இந்த ஐந்து கேள்விகளையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மற்றவரின் சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று பதில் வந்தால், எல்லைக் கடைகள் சிலவற்றில் போ ரோ போவுக்கு மேலே விருப்பக் காப்புறுதியும் கிடைக்கும்; அதைச் சேர்த்து வாங்குங்கள். தாய்லாந்தின் விருப்பக் காப்புறுதிகளில் ஓட்டுநரைப் பிணையில் எடுக்கும் வசதியும் இணைந்தே வருவது வழக்கம். யாருக்காவது காயம்பட்டு வழக்கு போலீஸ் நிலையம் வரை போனால் அதன் அருமை தெரியும்.

வெள்ளத்தைக் குறிப்பாகக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் ஹட்யாயில் பெய்த பேய்மழையில் ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். கீழே நிறுத்தியிருந்த கார்கள் நீரில் மூழ்கின. நம் நாட்டிலேயே கூட, முழுமைக் காப்புறுதி வாங்கியதால் மட்டும் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைத்துவிடாது. சிறப்புப் பேரிடர் என்ற கூடுதல் பிரிவைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். தாய்லாந்தில் மூழ்கிய காருக்கு இழப்பீடு கிடைக்க, தாய்லாந்து நீட்டிப்பு, சிறப்புப் பேரிடர் இரண்டும் இருந்து, இரண்டாவது முதலாவதோடு சேர்ந்து செல்லுபடியாகவும் வேண்டும். அந்த ஊரில் பெருமழைக்காலம் நவம்பர், டிசம்பர். நம் ஆண்டிறுதி விடுமுறைப் பயணங்களும் அதே மாதங்களில்தான் வருகின்றன.

இன்னும் ஒன்று: இழப்பீடு கேட்டால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்த்துவைத்த என்சிடி தள்ளுபடி போய்விடும். 55 விழுக்காட்டில் இருப்பவர் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஹட்யாயில் படும் சின்னக் கீறல்களுக்குக் காப்புறுதி இருந்தும் கைப்பணத்தில்தான் சரிசெய்வீர்கள். பயணச் செலவில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

ஓட்டப்போவது யார்?

ஆசியான் நாடுகளுக்குள் ஒரு நாட்டின் ஓட்டுநர் உரிமத்தை இன்னொரு நாடு ஏற்கும் ஒப்பந்தம் 1985-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. அதனால் நம் உரிமம் தாய்லாந்தில் போதும். அனைத்துலக உரிமம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் தற்காலிக, பயிற்சி உரிமங்களை விலக்கி வைத்திருக்கிறது. புது ஓட்டுநருக்கான தற்காலிக உரிமத்தோடு, "பி" ஒட்டிய காரில் நேற்றுவரை ஊர் சுற்றிய மகனிடம் எல்லைக்கு அப்பால் சாவியைக் கொடுக்காதீர்கள். பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டிலிருந்து 400 ரிங்கிட் கழித்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பாவுக்குக் கண்பார்வை சரியில்லை, மகனுக்குப் பி உரிமம் என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்குச் சொந்தக் கார் என்ற தேர்வே இல்லை. மேலே சொன்ன காகிதங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சரி.

மற்ற வழிகள்

ரயிலை நம் ஊர்க்காரர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சுங்கை பட்டாணியிலோ குருனிலோ காரை விட்டுவிட்டு கொமுட்டர் ரயில் ஏறினால் எல்லை நிலையமான பாடாங் பெசார் வரை போய்விடலாம். அந்த நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் இருக்கின்றன. கடப்பிதழில் முத்திரை வாங்கிக்கொண்டு, அங்கேயே தாய்லாந்து ரயிலில் ஏறினால் ஹட்யாய் நகரின் நடுவில் இறக்கிவிடும். சுங்கப் படிவம் இல்லை, போ ரோ போ இல்லை, வங்கிக் கடிதம் இல்லை. குறை ஒன்றுதான்: எல்லையைக் கடக்கும் ரயில்கள் நாளில் சில முறையே உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அல்லது வேன் பிடிக்க வேண்டும். கடிகாரத்தையும் கவனியுங்கள், தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஹட்யாயில் நிப்பட் உத்திட் வீதிகளையும் கிம் யோங் சந்தையையும் சுற்றுவதற்குத்தான் போகிறீர்கள் என்றால், அங்கே கார் உதவியை விடத் தொல்லைதான் அதிகம். நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

ஹட்யாயில் இறங்கி அங்கேயே கார் வாடகைக்கு எடுப்பது மூன்றாவது வழி. கிராபி, பூக்கெட் வரை போகிறவர்களுக்கு இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். தாய்லாந்துப் பதிவெண் கொண்ட கார். அந்நாட்டு முதல் வகைக் காப்புறுதி அதிலேயே இருக்கும். உங்கள் காரின் சேதமும் மற்றவர் காரின் சேதமும் அதில் அடங்கும். விபத்து நேர்ந்தால் வரும் மதிப்பீட்டாளர் உங்கள் பக்கத்து ஆளாகவே வருவார். சுங்கத்துறைக்கும் உங்களுக்கும் எந்த உறவும் இல்லை. அங்கேயும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வாடகை அதிகமாகத் தெரியும். ஆனால் நம் காரில் பூக்கெட் வரை போய் வரும் பெட்ரோல், நீட்டிப்புக் கட்டணம், தேய்மானம் எல்லாவற்றையும் எதிரே எழுதிப் பாருங்கள். வித்தியாசம் நினைத்ததை விடக் குறைவாக இருக்கும். முதல் வகையா, சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய விலக்குத் தொகை எவ்வளவு என்ற இரண்டை மட்டும் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள்.

மலேசியாவில் வாடகைக் கார் எடுத்துத் தாய்லாந்துக்கு ஓட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாடகை நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும், கார் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதியும் வேண்டும், காப்புறுதி நீட்டிப்பு அவர்கள் கையில். சொந்தக் காரின் எல்லாச் சிக்கலும் உண்டு, அதன் வசதி எதுவும் இல்லை. சுற்றுலா பேருந்து, வேன் ஏற்பாடுகள் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நல்லவை. அந்த வண்டிக்கு அங்கே ஓட அனுமதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வரும் உறவினர், "எங்கள் காரிலேயே போவோம், எங்கள் இன்சூரன்ஸ் தாய்லாந்துக்கும் செல்லும்" என்று சொல்வதுண்டு. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். பெரும்பாலான சிங்கப்பூர்ப் பாலிசிகள் தீபகற்ப மலேசியாவையும், தாய்லாந்தில் நம் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரையிலான பகுதியையும் சேர்த்தே காக்கின்றன. ஹட்யாய் அதற்குள் வந்துவிடும். அதற்கு மேல் வடக்கே போனால் வராது. ஆனால் அந்த வசதி அவர் பாலிசிக்கு உரியது. அதைக் கேட்டுவிட்டு, நம் மலேசியப் பாலிசிக்கும் அதே 80 கிலோமீட்டர் உண்டு என்று நம்பிக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நமக்கு. அவர் கார் மலேசியாவுக்குள் நுழைய விஇபி என்ற வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதியும் வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். வழியில் எண்ணெய் நிலையத்தில் நம் மானியப் பெட்ரோலான ரோன் 95 பம்பைத் தொடவும் கூடாது. அவர் காருக்கும் தாய்லாந்துச் சுங்கப் படிவமும் போ ரோ போவும் நம் காருக்கு உள்ளதைப் போலவே கட்டாயம்.

யாருக்கு எது?

கார் உங்கள் பெயரில் இருக்கிறது, கடன் தீர்ந்துவிட்டது அல்லது வங்கிக் கடிதம் கையில் இருக்கிறது, முழுமைக் காப்புறுதியும் தாய்லாந்து நீட்டிப்பும் எழுத்தில் இருக்கின்றன, இரண்டு ஆண்டுக்கு மேல் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டுகிறார், கைக்குழந்தையோ முழங்கால் வலியுள்ள பாட்டியோ உடன் வருகிறார். தாராளமாகச் சொந்தக் காரில் போங்கள். அதற்கு ஈடான வசதி வேறெதிலும் இல்லை.

மகன் பெயரில் கடன் கார், இரண்டு நாள் பயணம், ஹட்யாய் நகரம் மட்டும்தான் என்றால் ரயில். காகிதம் தேடி அலையும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

பழைய சாகா கார், அடுத்தவருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஏற்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். வயதான கார்களுக்குப் பல நிறுவனங்கள் முழுமைக் காப்புறுதி தருவதே இல்லை என்பதால் நம் ஊரில் இத்தகைய கார்கள் நிறைய. இந்தக் காரைச் சுங்கை பட்டாணி நிலையத்தில் நிறுத்துங்கள். ஆயிரம் வெள்ளிக்கு விற்கும் காரில் என்ன இழப்பு என்று தோன்றலாம். இழப்பு உங்கள் காரில் இல்லை. நீங்கள் மோதக்கூடிய அடுத்தவர் காரின் விலையில் இருக்கிறது.

காரில்தான் போவது என்று முடிவெடுத்தால்

ஒரு கோப்பில் இவற்றை வையுங்கள்: கெரானின் அசல், இரண்டு நகல்கள், வங்கிக் கடிதம், உரிமையாளர் கடிதம், பாலிசியும் தாய்லாந்து நீட்டிப்பும், அச்சிட்ட சாலை வரி. 2023 பிப்ரவரி முதல் நம் நாட்டில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டியதில்லை, கைத்தொலைபேசியில் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலி போதும். ஆனால் தாய்லாந்துச் சாலையில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் செயலியைத் திறந்து மலாயில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, தாளாக வைத்திருங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, குழந்தைக்கும் சேர்த்து. அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையத்தளம் அதிகாரபூர்வமானது அல்ல. வாகனத்துக்கும் அதில் இருப்பவர்களுக்கும் உரிய டிஎம் 2, டிஎம் 3 படிவங்களைச் சங்லூன் கடையிலேயே நிரப்பித் தருவார்கள். பெயர்களும் கடப்பிதழ் எண்களும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். போ ரோ போ தாளில் தாய் எழுத்து புரியாவிட்டாலும், காரின் எண்ணும் தொடங்கும், முடியும் தேதிகளும் படிக்க முடியும். தாய்லாந்தில் புத்த ஆண்டு எழுதுவார்கள். 2569 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது 2026.

விபத்து நேர்ந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, போலீஸ் 191, ஆம்புலன்ஸ் 1669. காரை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். போ ரோ போ தாளில் இருக்கும் நிறுவனத்துக்கும், உங்கள் மலேசிய நிறுவனத்துக்கும் அங்கிருந்தே சொல்லிவிடுங்கள். தாய்லாந்துப் போலீஸ் அறிக்கையின் நகல் இல்லாமல் ஊர் திரும்பாதீர்கள். வந்ததும் இங்கேயும் ஒரு போலீஸ் புகார் செய்யுங்கள். காயம், காவல் என்று போனால் சொங்க்லாவில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

திரும்பும்போது பலர் செய்யும் பிழை: குடிநுழைவு முகப்பில் முத்திரை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நேராகப் புக்கிட் காயு ஹீத்தாம் பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். சுங்கப் படிவம் டாஷ்போர்டிலேயே கிடக்கும். சுங்கத்துறைப் பதிவில் உங்கள் கார் இன்னும் தாய்லாந்துக்குள் இருக்கிறது. அடுத்த முறை போகும்போதுதான் அபராதக் கணக்கு வெளிவரும். ஞாயிறு மாலை எவ்வளவு நீளமான வரிசை இருந்தாலும் இறங்கிப் போய், அந்தப் படிவத்தைச் சுங்க முகப்பில் ஒப்படையுங்கள். கொடுப்பதற்கு முன் அதைப் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.